முத்திரை போட்ட மிஷின்

அந்தக் கட்டைக் கீழே வைங்க சார். மிஷின் மேல் வேண்டாம். கயிற்றை அவிழ்த்து, தமிழ்ப் பேப்பர் தனி, இங்கிலீஷ் பேப்பர் தனி என்று பிரித்துத்தான் எடை போட வேண்டும். இங்கிலீஷுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட. ஏன் என்று கேட்காதீங்க, எனக்கும் தெரியாது. அந்த ஸ்டூலில் உட்காருங்க. கையில் என்ன சீட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறீங்களா? சர்க்கரையா? சரி, சரி. எனக்குப் பத்து வருஷமாக இருக்கிறது.

அந்தப் போட்டோவா? எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். போன மாதம் வந்தபோது நீங்களும் பார்த்தீங்க, அவசரமாகப் போய்விட்டீங்க. அது என் மருமகன். ஆதிலிங்கம். என் அக்கா மகன், என் பெண் பொன்செல்வியைக் கட்டியவன். குத்துச்சண்டைக்காரன். அமெச்சூர் இல்லை சார், காசு வாங்கிக்கொண்டு சண்டை போடுகிற புரொபஷனல். வெல்டர் வெயிட்.

வெல்டர் வெயிட் என்றால் பற்றவைக்கிற வெல்டர் இல்லை. முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன், பையன் தொழில் ஏதோ கற்றுக்கொள்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். அது ஒரு எடை. அறுபத்தாறு கிலோ அறுநூற்று எழுபத்தெட்டு கிராம். அதற்கு மேல் ஒரு கிராம் கூடக் கூடாது. நகைக் கடையில் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள், ஆளை. நம் தொழிலில் நூறு கிராம் என்பது ஒரு பேச்சா? முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுப்பது.

சண்டைக்காரன் என்றவுடன் ஏதோ நினைத்துக்கொள்ளாதீங்க. தெருவில் நாய் குரைத்தால் எதிர் வரிசைக்குப் போய்விடுவான். ஆட்டோக்காரர் எண்பது கேட்டால் எண்பதும் கொடுப்பான். வில்லிவாக்கத்தில் இவன் யார்மேலும் கை ஓங்கியதை ஒருத்தரும் பார்த்ததில்லை. ரிங்குக்குள் ஏறினால்தான் வேறு ஆள். அதுவும் மணி அடித்த பிறகு.

பதினாறு வயதில் மோசஸ் மாஸ்டரிடம் போனான். மாவு மில்லுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் அவர் குத்துச்சண்டைக் கூடம். ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்றுதான் போனான். மூன்று தடவை தேர்வுக்குப் போனான், மூன்று தடவையும் வேறு ஆளுக்குக் கிடைத்தது. அதில் ஒருத்தன் இவனிடம் அடி வாங்கியவன். இப்போது டிக்கெட் பரிசோதகராக இருக்கிறான், பார்த்தால் வணக்கம் சொல்வான். இருபத்தைந்து வயதில் இவன் புரொபஷனல் ஆனான். முதல் சண்டை ஒரு மாலில், கார் நிறுத்துகிற இடத்தில். நாலு ரவுண்டு. ஜெயித்தான். கொடுத்த காசு பஸ்ஸுக்கும் தையலுக்கும் சரியாகப் போயிற்று. சட்டைத் தையல் இல்லை சார், புருவத் தையல்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. கோவாவில் ஒரு தாய்லாந்துக்காரனோடு. மூன்றாவது ரவுண்டில் விழுந்தான். யார் விழுந்தது என்று கேட்கிறீங்களா? நம் ஆள்தான். எழுந்து, ஆறாவது ரவுண்டில் அவனை விழவைத்தான். எட்டு வருஷத்தில் பதினைந்து சண்டை. பதிமூன்றில் ஜெயித்திருக்கிறான். நடுவில் பிழைப்புக்கு அண்ணா நகரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்குத் தொப்பை குறைக்கச் சொல்லிக் கொடுத்தான். இன்னும் கொடுக்கிறான். அவர்கள் தொப்பை அப்படியே இருக்கிறது.

டவுசர், கையுறை, ரயில் செலவு எல்லாம் நான். அந்தப் போட்டோவில் பாருங்க, டவுசரின் பின்பக்கம். 'தவசிக்கனி பேப்பர் மார்ட், வில்லிவாக்கம்.' எம்பிராய்டரி. அவன் நின்றாலும் ஓடினாலும் நம் கடை தெரியும். மல்லாந்து விழுந்தால்தான் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு சண்டைக்கும், விழாதே லே என்று சொல்லி அனுப்புவேன்.

ஆனால் ஒரு குறை சார். வாய். சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் பெல்ட் போயிற்று.

சொல்கிறேன், கேளுங்க. போன தை மாதம், இந்தியா பட்டத்துக்கான சண்டை வந்தது. பட்டம் ஜெயித்தவன் இடுப்பில் கட்டுகிற பெல்ட் அப்போது யாரிடமும் இல்லை, காலியாக இருந்தது. ஹைதராபாத்தில், பத்து ரவுண்டு. எதிராளி அந்தப் பக்கத்துப் பையன், இருபத்து நாலு வயது. இவனுக்கு முப்பத்து மூன்று. இந்தத் தொழிலில் முப்பத்து மூன்று என்றால் நம் தொழிலில் எழுபது. இனி ஒரு வாய்ப்பு வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து மோசஸ் மாஸ்டர் கூடத்தில் எடை மிஷின் உடைந்தது. யாரோ அதன்மேல் டம்பிள்ஸைப் போட்டுவிட்டார்கள். பொன்செல்வி வீட்டில் ஒன்று வைத்திருந்தாள், குளியலறை மிஷின். ஒரே ஆள் மூன்று தடவை ஏறினால் மூன்று எடை காட்டும். நான் சொன்னேன், எதற்கு அலைகிறீங்க, நம் கடையில் மிஷின் இருக்கிறது. நூற்றைம்பது கிலோ வரை ஏற்றலாம். வருஷா வருஷம் சர்க்கார் முத்திரை. இதோ, ஒட்டியிருக்கிறது பாருங்க.

மோசஸ் மாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். "அண்ணாச்சி, உங்க மிஷின் வந்து..." என்றார். பேச்சை மாற்றி, கூடத்துக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்று இவனைக் கேட்டார். இவன் என்னைப் பார்த்தான். "மாமா மிஷின் போதும் மாஸ்டர்," என்றான். பெரியவர்களிடம் மரியாதை சார், அதில் குறையே சொல்ல முடியாது.

மிஷினைப் பற்றிச் சொல்கிறேன். வாங்கும்போதே மெக்கானிக் வந்து நம் லைனுக்குத் தகுந்த மாதிரி செட் பண்ணிக் கொடுத்தார். பேப்பர்க் கடைக்கு ஒரு செட்டிங், மளிகைக் கடைக்கு ஒரு செட்டிங் என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை, அவரவர் தொழில் அவரவருக்குத் தெரியும். பேப்பரில் ஈரம் இருக்கும், தூசி இருக்கும். ஈரத்துக்கும் தூசிக்கும் நாம் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? அதை மிஷினே பார்த்துக்கொள்கிறது. அவ்வளவுதான்.

ஆறு வாரம் தினமும் காலையில் ஓடி முடித்து இங்கே வருவான். ஜட்டியோடு ஏறி நிற்பான். தெரு பார்க்காமல் நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபது என்று இறங்கிற்று. நான் நம்பரைச் சத்தமாகப் படிப்பேன், அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். பொன்செல்வி சோற்றைக் கரண்டியால் அளந்து போட்டாள். கடைசி நாலு நாள் உப்பில்லை. கடைசி ஒரு நாள் தண்ணீரும் இல்லை. ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு அதில் எச்சில் துப்பிக்கொண்டே இருந்தான், அதுவும் எடைதானாம். கிளம்புகிற அன்று இங்கே ஏறினான். அறுபத்தாறு ஐந்நூற்று நாற்பது. நான் கை தட்டினேன். அவன் சிரித்தான், உதடு வெடித்து ரத்தம் வந்தது.

ஹைதராபாத்துக்கு நானும் போனேன். ரயில் நாலு மணி நேரம் தாமதம். எடை பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் மிஷினில் ஒரு தடவை ஏறிச் சரிபார்த்துவிடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றார் மோசஸ் மாஸ்டர். நேரம் குறைவாக இருந்தது. எதற்கு, நம்மிடம் முத்திரை போட்ட மிஷினில் பார்த்தாயிற்றே, பையன் படுத்துக்கொள்ளட்டும் என்றேன். படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் ஓட்டலில் எடை பார்த்தார்கள். மேடை, கேமரா எல்லாம். அந்த ஊர்ப் பையன் ஏறினான், அறுபத்தாறு நானூறு. கைதட்டல். நம் ஆள் ஏறினான்.

அறுபத்தெட்டு கிலோ அறுநூறு.

இவன் மிஷினைப் பார்க்கவில்லை, எதிராளியைப் பார்க்கவில்லை. கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைத்தான் பார்த்தான். ஏன் என்னைப் பார்த்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் சும்மா இருப்பேனா? மேடையில் ஏறி, உங்கள் மிஷின் தப்பு என்றேன். கோட்டுப் போட்ட ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார். இருபது கிலோ இரும்பு வட்டு ஒன்றைக் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்துக் காட்டினார். இருபது காட்டிற்று. வட்டு தப்பாக இருக்கலாமே என்றேன். இன்னொரு வட்டு கொண்டுவந்தார். அதுவும் இருபது. ஒரே கடையில் வாங்கியிருப்பார்கள். மோசஸ் மாஸ்டர் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "அண்ணாச்சி, போதும். உக்காருங்க," என்றார். அந்த மனிதர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் ஓடினான். உடம்பில் தண்ணீரே இல்லாதவனுக்கு எங்கிருந்து வேர்க்கும்? எண்ணூறு கிராம் இறங்கிற்று. அதற்கு மேல் மாஸ்டர் விடவில்லை. சண்டை போடலாம், ஆனால் ஜெயித்தாலும் பெல்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நம் ஆள் தோற்றால் மட்டும் அந்த ஊர்ப் பையனுக்குப் பெல்ட் உண்டு. அப்படி ஒரு சட்டம் இருக்கிறதாம்.

மறுநாள் சண்டை. நம் ஆள் ஜெயித்துவிட்டான் சார். பத்து ரவுண்டு நின்று, புள்ளியில் ஜெயித்தான். நடுவர் இவன் கையைத் தூக்கினார். பெல்ட்டை ஒரு பெண் தட்டில் வைத்துக்கொண்டு படியேறி வந்தது, யாரோ சைகை காட்ட, அப்படியே திரும்பிப் படியிறங்கிப் போயிற்று. என் கண்ணால் பார்த்தேன். ஜெயித்தவன் வெறும் இடுப்போடு நிற்கிறான், பெல்ட் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது.

பேப்பர்க்காரர்கள் கேட்டார்கள், எடை எப்படிக் கூடிற்று என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். "சாப்பாட்டுல கவனக்குறைவு. என் தப்பு. வேற யாரும் காரணம் இல்ல," என்றான். அவன் வாயாலேயே சொன்னது சார், நானாகச் சொல்லவில்லை. 'வாயைக் கட்டாததால் பட்டத்தை இழந்த வீரர்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அந்தப் பேப்பர் மூன்று மாதம் நம் கடைக்கே கட்டுக்கட்டாக வந்தது. எந்தக் கட்டை அவிழ்த்தாலும் மருமகன் முகம். சரிதான், ஒளித்துவைத்து எதையோ தின்றிருக்கிறான் என்று நானும் நாலு பேரிடம் சொன்னேன். அவனே சொன்னதுதானே.

அதற்குப் பொன்செல்விக்குக் கோபம். என் பெண் அதிகம் பேச மாட்டாள். ஒரு நாள் காலை மளிகைக் கடையிலிருந்து நேராக இங்கே வந்தாள். கையில் ஐந்து கிலோ அரிசிப் பை, கம்பெனி சீல் பிரிக்காதது. அதை மிஷின்மேல் வைத்தாள். நாலு எண்ணூற்று ஐம்பது. நம்பர் நிற்கிறவரை பார்த்தாள், பையைத் தூக்கிக்கொண்டாள், போய்விட்டாள்.

இந்தக் காலத்தில் அரிசிக் கம்பெனிக்காரர்களும் இப்படி ஏமாற்றுகிறார்கள் சார்.

அன்றிலிருந்து நாலு மாதம் அவள் என்னிடம் பேசவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். என் மதியச் சாப்பாடு அவள் வீட்டிலிருந்து வருவது வழக்கம், அது நின்றது. ஓட்டல் சாப்பாடு, சர்க்கரை ஏறிற்று. மருமகனுக்கு ஒளித்துத் தின்கிற புத்தி, அதற்கு மாமனார் பட்டினி. நியாயமா, நீங்களே சொல்லுங்க.

இன்னும் கேளுங்க. பெல்ட் காலியாகத்தானே இருக்கிறது? அதே இரண்டு பேருக்கும் மறுபடி சண்டை வைத்தார்கள். இந்தத் தடவை பெங்களூரில். கூடவே ஒரு கடிதம்: இன்னொரு முறை எடை கூடினால் ஒரு வருஷம் தடை. முப்பத்து மூன்று வயதில் ஒரு வருஷம் தடை என்றால் அதற்கு வேறு பெயர் சொல்ல வேண்டியதில்லை. மோசஸ் மாஸ்டர் கூடத்துக்குப் புது மிஷின் வாங்கிவிட்டார். ஆனாலும் மருமகன் தினமும் காலையில் இங்கே வருவதை நிறுத்தவில்லை. ஏறி நிற்பான், நான் படிப்பேன், எழுதிக்கொள்வான். இவன் வராமல் நின்றிருந்தால் தெரு என்ன பேசியிருக்கும்? அதெல்லாம் அவனுக்குத் தோன்றியிருக்காது. நம் மிஷின்மேல் நம்பிக்கை, அவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை. ஏறினான். அறுபத்தாறு நானூறு. வந்துவிட்டது லே, நாளைக்கே சண்டை வைத்தாலும் தயார் என்றேன். அவன் நோட்டில் எழுதினான். எழுதிவிட்டு அந்த மழைக்கோட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான். எடைதான் வந்துவிட்டதே, எதற்கு மறுபடி ஓடுகிறாய் என்றேன். "உடம்புக்கு நல்லது மாமா," என்று சொல்லிவிட்டு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனான். வெயில் ஏறியாகிவிட்டது. நான் வாசலில் நின்று பார்த்தேன். நம் தெரு முழுக்க ஓடி, மேம்பாலம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினான். உதடு அதே மாதிரி வெடித்திருந்தது.

அன்றைக்கு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். வேறு ஒன்றும் இல்லை, மிஷினுக்குள் எறும்பு போயிருந்தது. எறும்பு போனால் சுத்தம் பண்ண வேண்டும் அல்லவா? வந்தார், திறந்தார். எவ்வளவு வைக்கட்டும் அண்ணாச்சி என்று கேட்டார். உள்ளது உள்ளபடி வை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

மறுநாள் மருமகன் ஏறினான். நான் சத்தமாகப் படித்தேன், என்றைக்கும் போல. அறுபத்தெட்டு முந்நூறு.

ஒரே நாளில் இரண்டு கிலோ கூடினால் சண்டைக்காரன் பதற வேண்டாமா? இவன் பதறவில்லை. நம்பரைப் பார்த்துக்கொண்டே நின்றான். மிஷினை விட்டு இறங்கவும் இல்லை. அப்புறம் சொன்னான்.

"நேத்து பிரியாணி சாப்பிட்டுட்டேன் மாமா. கொஞ்சம் கூடிப்போச்சு."

பார்த்தீங்களா? நான் சொல்லவில்லை, வாய்க்கட்டு கிடையாது என்று? நானும் விடவில்லை. இனிமேல் பார்த்துத் தின்னு லே என்று கண்டித்தேன். "சரி மாமா," என்றான். நோட்டில் எழுதினான். அந்த நம்பருக்கு அடியில் இரண்டு கோடு போட்டான். கூடிப்போன எடைக்கு எதற்குக் கோடு என்று தெரியவில்லை.

அன்று மதியம் ஒரு மணிக்குப் பொன்செல்வி வந்தாள். தூக்குவாளியை மேஜைமேல் வைத்தாள். சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, பொரியல். "சூடா இருக்கும்போதே சாப்பிடுங்கப்பா," என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு. கோபம் தானாகத் தணிந்துவிட்டது போலிருக்கிறது. பெண்பிள்ளைகள் அப்படித்தான்.

சரி, உங்கள் பேப்பரைப் போட்டுவிடுகிறேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டும் சேர்த்துப் பன்னிரண்டு கிலோ. என்ன, போன மாதம் இதே அளவு கட்டுக்குப் பதினொன்று அறுநூறுதான் வந்தது என்கிறீங்களா? நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறீங்க. எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. மூன்று வாரமாக இந்தப் பேட்டையில் எல்லார் வீட்டுப் பேப்பரும் கனத்துவிட்டது. ஜனங்கள் முன்னைவிட அதிகமாகப் படிக்கிறார்கள் போல. நல்லதுதான், நமக்குத்தான் கட்டுபடியாகவில்லை.

உட்காருங்க, இன்னும் ஒரு நிமிஷம். நாளைக்குப் பெங்களூரில் எடை. மூன்றரை மணிக்கு ரயில். போகிற வழியில் இங்கே கடைசியாக ஒரு தடவை ஏறிவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நானும் கூடப் போகிறேன். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். "நீங்க வந்து நம்பரைப் படிக்கணும் மாமா," என்று பிடிவாதமாக டிக்கெட் எடுத்துவிட்டான்.

சார், அந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் உங்கள் எடை எழுதியிருப்பார்களே? இன்றைக்குக் காலையில் பார்த்ததுதானே? எவ்வளவு? எழுபத்திரண்டு இருநூறா? அவர்கள் மிஷின் நல்ல மிஷினா? சரி. ஒன்றும் இல்லை, சும்மா ஒரு விளையாட்டுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு இதில் ஏறி நில்லுங்க. பையைக் கீழே வைத்துவிடுங்க. அந்தச் சாவிக்கொத்தையும் என்னிடம் கொடுங்க. கையைத் தொங்கப் போடுங்க. ஆடாதீங்க.

எழுபத்து ஒன்று... இல்லை, நிற்கட்டும். நம்பர் ஓடுகிறது.

எழுபத்திரண்டு இருநூறு.

பார்த்தீங்களா? என் மிஷினில் என்றைக்குமே தப்பு கிடையாது சார். சரி, இறங்குங்க, இறங்குங்க, அதோ மருமகன் பையோடு வருகிறான். உங்களை ஏற்றிப் பார்த்ததை மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம்.